குயில்ட் தைக்க எந்தப் பருத்தித் துணி? வகைவாரியாக ஒரு மதிப்பீடு

துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அதற்கென்று விற்கப்படும் பருத்தித் துணியை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தையும் அச்சையும்தான். அதில் தவறில்லை. கண்ணுக்குப் பிடிக்காத துணியை மாதக்கணக்கில் மடியில் போட்டுத் தைக்க யாராலும் முடியாது. ஆனால் பத்து வருடம் துவைத்த பிறகும் அந்தக் குயில்ட் உருப்படியாக இருக்குமா என்பது வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, அச்சுக்கு அடியில் இருக்கும் காடா துணியின், அதாவது சாயமேறாத வெறும் துணியின், நெசவு. இன்னொன்று, அதன் மேல் ஏறிய சாயத்தின் பிடிப்பு. இங்கே ஒவ்வொரு வகைத் துணியையும், சாயம் போவதைத் தடுக்கும் என்று விற்கப்படும் பொருள்களையும் அந்த இரண்டை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

நெசவைக் கையிலேயே சோதிக்கலாம்

நல்ல குயில்ட் துணி சாதா நெசவு. பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஏறத்தாழ ஒரே கனம், ஒரே நெருக்கம். அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 60 இழை என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்ப்பது கடினமில்லை: துணியில் அரை அங்குலம் குறித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாக ஊசி முனையால் இழைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். 30 வந்தால் சரி. 24, 25 என்று நின்றால் அந்தத் துணி திரைச்சீலைக்கோ பைக்கோ போகட்டும்.

கடையில் நின்று எண்ண முடியாதபோது மூன்று சோதனைகள் போதும். துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே ஒழுங்கற்ற ஓட்டைகள் தெரிந்தால் நெசவு தளர்வு. அடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரே இடத்தில் அழுத்தி இழுங்கள். இழைகள் ஒதுங்கி வழிவிட்டால், கால் அங்குலத் தையலோரம் அந்தத் துணியில் நிலைக்காது. மூன்றாவதாக, ஒரு மூலையை இரு கைகளிலும் வைத்துக் கசக்கித் தேயுங்கள். விறைப்பு போய்த் துணி சட்டென்று தொய்ந்தால், விரலில் வெண்பொடி ஒட்டினால், நீங்கள் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த கனம் கஞ்சியின் கனம். முதல் துவைப்போடு அது போய்விடும்.

தளர்ந்த நெசவு ஏன் ஆகாது என்றால், குயில்ட்டில் தையலோரம் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர்தான். சட்டைக்கு விடும் அளவில் பாதிகூட இல்லை. நூல் இரண்டு இழை பிரிந்தாலே தையல் வாய் திறந்துவிடும். அதோடு, நடுவில் வைக்கும் பேட்டிங்கின் பஞ்சு, இழை இடுக்குகள் வழியே மேலே முளைத்து வரும். கறுப்புத் துணிக்கு அடியில் வெள்ளை பேட்டிங் வைத்தால் இது கண்ணை உறுத்தும். அதற்காக மிக நெருக்கமான நெசவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். படுக்கை விரிப்புக்கான அடர்ந்த துணியில் கைத்தையல் ஊசி இறங்காது. மெஷின் ஊசி போட்ட துளையும் மூடாமல் அப்படியே தெரியும்.

கட்டம், கோடு போட்ட அச்சுத் துணியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அச்சின் கோடும் ஊடை இழையும் ஒரே வாட்டத்தில் ஓடுகின்றனவா? வெட்டிய ஓரம் பொய் சொல்லும். கிழித்த ஓரம்தான் ஊடையோடு போகும். பன்னா, அதாவது துணியின் அகலம், முழுக்கப் பார்த்தால் கோடு அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருக்கும் துணியைச் சின்னப் பூப்போட்ட வேலைக்கு வேண்டுமானால் எடுக்கலாம். நேர்க்கோட்டுப் பட்டைகளுக்கு எடுக்காதீர்கள். கோட்டைப் பார்த்து வெட்டினால் துணி கிராஸாகி (இழைக்குச் சாய்வாகி) இழுபடும். இழையைப் பார்த்து வெட்டினால் கோடு சாயும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வழியில்லை.

ஓரக்கரையில் பாவு இழைகள் நெருக்கமாக இருப்பதால் மற்ற பகுதியோடு ஒத்துச் சுருங்காது. 1 முதல் 2 சென்டிமீட்டர் வெட்டி ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் துணி தீரும் வரை அந்தக் கரையைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருக்கும் நிறப் புள்ளிகள் அச்சில் எத்தனை நிறங்கள் உண்டு என்று காட்டும். கூடச் சேர்க்கும் துணிகளை அந்தப் புள்ளிகளோடு வைத்து ஒப்பிட்டால் நிறப் பொருத்தம் எளிதாகும்.

சான்று முத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது தீங்கான ரசாயனங்களுக்கான சோதனை. அதில் முதல் வகுப்பு, குழந்தைகளுக்கான பொருள்களுக்குரியது. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் ‘ஆர்கானிக்’ என்றிருந்தால் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை. ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்றிருந்தால் குறைந்தது 70 சதவீதம். குழந்தைக்கான குயில்ட் என்றால் இவற்றைப் பார்த்து வாங்குவது நியாயம். ஆனால் நெசவு நெருக்கமானதா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் கிடையாது.

வகைகள்

அச்சில்லாத ஒற்றை நிறத் துணிகளில் ராபர்ட் காஃப்மன் நிறுவனத்தின் கோனா காட்டன் அதிகம் பேசப்படுவது. சதுர கஜத்துக்கு 4 அவுன்ஸுக்குச் சற்று மேல் எடை வரும். கைக்குச் சற்றுப் பருமனாகத் தெரியும். இதன் பெரிய பலம் நிற வரிசைதான். முந்நூறுக்கும் மேற்பட்ட நிறங்கள், நிஜத் துணித் துண்டுகள் ஒட்டிய நிற அட்டையோடு கிடைக்கின்றன. இணையத்தில் வாங்குகிறவருக்கு அந்த அட்டை செலவுக்குத் தகுந்தது, ஏனென்றால் திரையில் பார்த்த கடுகு மஞ்சள் வீட்டுக்கு வரும்போது வேறாக இருக்கும். மோடா நிறுவனத்தின் பெல்லா சாலிட்ஸும் இதே வேலையைச் செய்யும். ஆர்ட் கேலரி நிறுவனத்தின் பியூர் சாலிட்ஸ் இவற்றைவிட மென்மை, மெலிவு, நெருக்கம். ஒரே குயில்ட்டில் பருமனான ஒற்றை நிறத்தையும் மெல்லிய ஒற்றை நிறத்தையும் கலந்தால் தையல் மடிப்புகள் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் நிற்கும். எதை எடுத்தாலும் ஒரு வேலை முழுக்க ஒன்றையே எடுங்கள். ஒற்றை நிறத்தில் மேல்பக்கம் எது, உள்பக்கம் எது என்று எளிதில் தெரியாது என்பதால், வெட்டியவுடன் ஒரு பக்கத்தில் குறி வைத்துக்கொள்வதும் நல்லது. வெளிச்சம் பட்டால் சிறு வேறுபாடு தெரியும்.

அச்சுத் துணிகளில் வெள்ளை மேல் வெள்ளை அச்சு பார்க்க அழகு, தைக்கச் சங்கடம். அந்த வெள்ளை அச்சு பெரும்பாலும் பிக்மென்ட் பூச்சு. இழைக்குள் போகாமல் மேலே ஒட்டி நிற்கும். பூச்சு பட்ட இடத்தில் ஊசி போனால் துளை நிற்கும். பிரித்துத் தைத்தால் புள்ளி வரிசையே தெரியும். கைத்தையல்காரர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பொன், வெள்ளி மினுமினுப்பு அச்சுகளைத் துணியின் உள்பக்கத்திலிருந்துதான் இஸ்திரி போட வேண்டும். டிஜிட்டல் அச்சில் நிற விவரம் பிரமாதமாக வரும். ஆனால் பிக்மென்ட் மையில் அடித்ததாக இருந்தால் நிறம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், உள்பக்கம் வெளுத்திருக்கும். கிழிந்த இழை, ஊசித் துளை, மடிப்பு விளிம்பு மூன்றிலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். உள்பக்கம் எவ்வளவு வெளுப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறானது, நூலிலேயே சாயமேற்றி நெய்த துணி. இரு பக்கமும் ஒரே நிறம், கோடும் இழையும் ஒன்றே என்பதால் சாய்வுப் பிரச்சினை இல்லை. கோடு, கட்டம் வேண்டுமென்றால் அச்சைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்லலாம். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம் போட்ட துணி திரும்பும் கோணத்துக்கேற்ப நிறம் மாறித் தெரியும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே வாட்டத்தில் வெட்டி அடுக்க வேண்டும். இந்த வகையில் நெசவு தளர்வாக வருவதும் உண்டு. முன்பு சொன்ன நகச் சோதனை இங்கே கட்டாயம்.

பாத்திக் துணி மெழுகு வேலையையும் பலமுறை சாய முக்கலையும் தாங்க வேண்டியிருப்பதால் நெருக்கமான காடாவில் செய்யப்படுகிறது. பிசிறு குறைவு, துண்டு வடிவம் மாறாது. துணி மேல் துணி வைத்து விளிம்பு மடித்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு இதற்கு இணையில்லை. இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பது கூடுதல் வசதி. ஆனால் சாதாரண யூனிவர்சல் ஊசி இந்த நெருக்கமான நெசவில் எளிதாக இறங்காது. மைக்ரோடெக்ஸ் எனப்படும் கூர்முனை ஊசி, 70/10 அல்லது 80/12, போடுங்கள். அடர் நிற பாத்திக்கில் தங்கிய உபரிச் சாயம் அதிகம். துவைக்காமல் வெள்ளையோடு சேர்த்துத் தைக்க வேண்டாம்.

லான் எனப்படும் மெல்லிய பருத்தி வகையில் லிபர்டியின் டானா லான் பெயர் பெற்றது. மெல்லிய நீள இழை, பட்டுப் போன்ற வழவழப்பு. பன்னாவும் வழக்கமான 42 முதல் 44 அங்குலத்துக்குப் பதில் 53 அங்குலத்துக்கு மேல். அறுகோணத் துண்டுகளைக் காகித வார்ப்பின் மேல் மடித்துக் கையால் தைக்கும் வேலைக்கு இதைவிட நல்ல துணி சொல்வது கடினம், ஏனென்றால் மடிப்பு கத்தியாக நிற்கும். மெலிவாக இருப்பதால் வெளிர் துண்டுக்கு அடியில் அடர் நிறத் தையலோரம் நிழலாடும். தையலோரத்தை எப்போதும் அடர் நிறப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள்.

மேற்பரப்பு பஞ்சுபோல மென்மையாக இருக்கும் ஃபிளானல் குளிருக்குப் பின்துணியாக வைக்க அருமை. ஆனால் சுருக்கம் 5 முதல் 10 சதவீதம் வரை போகும். சுருக்கத்துக்காகவே துவைக்காமல் தொடக்கூடாத வகை என்றால் இதுதான். தையலோரமும் கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள். 108 அங்குலப் பன்னாவில் வரும் அகலப் பின்துணி நடுவே இணைப்புத் தையல் இல்லாமல் முடிக்க உதவும். சில அகலத் துணிகளில் நெசவு தளர்வாகவும் கோணலாகவும் இருக்கும். துவைத்தபின் நாற்கரம் சாய்சதுரமாகிவிடும். அதனால் அளவுக்கு மேல் இரு பக்கமும் 15 சென்டிமீட்டராவது கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

பாலியெஸ்டர் கலந்த பருத்தியை ஒதுக்கிவிடுவதே நல்லது. தையல் மடிப்பு அதில் தங்காது, பருத்திக்கான சூட்டில் பளபளத்துக் கருகும், சில வருடத்தில் உருண்டை உருண்டையாகப் பொடிக்கும். சந்தேகமிருந்தால் ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும்; தொட்டால் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டிமணியாகும்.

முன்வெட்டுகள்

ஒரே தொகுப்பின் எல்லா அச்சுகளும் சிறு துண்டுகளாக வரும் கட்டுகளுக்குத் தனி மதிப்பீடு வேண்டும். 2.5 அங்குலப் பட்டைகள், 5 அங்குலச் சதுரங்கள், 10 அங்குலச் சதுரங்கள், 18க்கு 22 அங்குலம் கொண்ட ஃபேட் குவார்ட்டர் ஆகியவை பழக்கத்தில் உள்ளவை. நிறத் தேர்வில் தடுமாறுகிறவருக்கு இவை நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு மீட்டர் கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான். முதல் குயில்ட்டுக்கு அது தரும் எளிமையை நினைத்தால் தரலாம்.

ஆனால் ஒரு சிக்கல். இவற்றின் ஓரம் பல்வெட்டாக இருக்கும். அளவு பல்லின் வெளிமுனையிலிருந்தா, உள்பள்ளத்திலிருந்தா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. கட்டைப் பிரித்தவுடன் ஒரு துண்டை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வெளிமுனையில் 5 அங்குலம் வந்தால் தையலோரத்தையும் வெளிமுனையிலிருந்தே கணக்கிட வேண்டும். 40 பட்டைகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கடைசியில் 4 சென்டிமீட்டர் கோளாறு. ஃபேட் குவார்ட்டரைத் தவிர மற்றவற்றைத் துவைக்கக் கூடாது: நூல் பிரிந்து, பந்தாகச் சுற்றி, அளவு போய்விடும். அதனால் முன்வெட்டில் அடர் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து வந்தால், ஓரத்திலிருந்து ஒரு சிறு இணுக்கை வெட்டிச் சாயச் சோதனை செய்த பிறகே தையுங்கள்.

துவைத்துவிட்டுத் தைப்பதா?

இந்தக் கேள்விக்கு இரு தரப்பிலும் நியாயம் உண்டு. துவைக்காத துணியில் ஆலைக் கஞ்சி இருப்பதால் வெட்டுவதும் தைப்பதும் சுலபம். தைத்து முடித்துத் துவைத்தால் துணியும் பேட்டிங்கும் சேர்ந்து சுருங்கி, சிலர் விரும்பும் அந்தச் சுருக்கமான பழைய தோற்றம் கிடைக்கும். துவைத்த துணியில் சாயமும் சுருக்கமும் முன்பே முடிந்துவிடும். எங்கள் தீர்ப்பு: அடர் சிவப்பு, கருநீலம், ஊதா, கறுப்பு, எல்லா பாத்திக், எல்லா ஃபிளானல், கையால் சாயமிட்ட எதுவானாலும் துவைத்தே ஆக வேண்டும். மற்றவற்றில் உங்கள் விருப்பம். பாதியைத் துவைத்துப் பாதியைத் துவைக்காமல் ஒரே குயில்ட்டில் சேர்ப்பது மட்டும் வேண்டாம்; முதல் துவைப்பில் துவைக்காத துண்டுகள் பக்கத்துத் துண்டுகளை இழுத்துச் சுருக்கும்.

குயில்ட் துணி பொதுவாக 2 முதல் 5 சதவீதம் சுருங்கும். உங்கள் துணி எவ்வளவு என்று தெரிய, இழை வாட்டத்தில் 25 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, காகிதத்தில் அதன் உருவை வரைந்து வைத்துவிட்டு, துணியைத் துவைத்து உலர்த்தி இஸ்திரி போட்டு அதே வரைவின் மேல் வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 4 சதவீதம். பாவு வாட்டத்திலும் ஊடை வாட்டத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பெரும்பாலும் பாவு வாட்டத்தில்தான் கூடுதலாகச் சுருங்கும்.

வாங்கும் அளவில் இது எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 60க்கு 75 அங்குலக் குயில்ட்டுக்குப் பின்துணி வேண்டும். நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதல் விட்டால் 68க்கு 83. பன்னா 42 என்று எழுதியிருந்தாலும் ஓரக்கரை போக 40 அல்லது 41தான் கைக்கு நிற்கும். துணியைக் குறுக்காக வைத்தால் இரண்டு பன்னா சேர்ந்தும் 82ஐத் தாண்டாது; 83க்குப் பற்றாது. ஆகவே நெடுக்காக 83 அங்குல நீளம் இரண்டு வேண்டும்: மொத்தம் 166 அங்குலம், அதாவது 4.22 மீட்டர். 5 சதவீதச் சுருக்கம் சேர்த்தால் 4.43. நாலரை மீட்டர் கேளுங்கள். கடைக்காரர் கோணலாக வெட்டிவிடுவார் என்ற பயமிருந்தால் இன்னும் 10 சென்டிமீட்டர்.

துவைக்கும்போது நூல் பிரியாமல் இருக்க, வெட்டிய ஓரங்களில் ஜிக்ஜாக் போடுங்கள். நேரமில்லாவிட்டால் நாலு மூலைகளையும் முக்கோணமாகச் சிறிது வெட்டிவிட்டாலே பிசிறு பெருமளவு குறையும். துணி மென்மையாக்கி எனப்படும் சாஃப்ட்னரை மட்டும் சேர்க்காதீர்கள். அது இழை மேல் வழவழப்பான படலம் போட்டுவிடும். பிறகு சூட்டில் ஒட்டும் ஃபியூசிபிள் எதுவும் ஒழுங்காக ஒட்டாது. முழுக்க உலரும் முன், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்து இஸ்திரி போட்டால் மடிப்பு எளிதில் போகும்.

சாயம் போகிறதா என்று பார்ப்பது, போனால் என்ன செய்வது

இரண்டு வேறு பிரச்சினைகளைச் சாயம் போவது என்று ஒரே பெயரில் சொல்கிறோம். தண்ணீரில் இறங்கி அடுத்த துணியில் ஏறுவது ஒன்று. உலர்ந்தோ ஈரமாகவோ உரசும்போது ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இண்டிகோவும் பிக்மென்ட் அச்சும் உரசலில் மோசம். வெள்ளைத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, ஒரே இடத்தில் பத்து தடவை தேய்த்தால் தெரிந்துவிடும். ஈரத் துணியால் தேய்த்தால் எப்போதும் சற்று அதிகமாகவே ஒட்டும். மொத்தமாக வாங்குகிறவர்கள் சாய உறுதிக்கான ஐ.எஸ்.ஓ. 105 முறைப்படியான அறிக்கையைக் கேட்கலாம். துவைப்பு உறுதிக்கு 5தான் உச்சம். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. ஈர உரசலுக்கு 3 வந்தால் ஏற்கலாம். வெயிலில் வெளுப்பதற்கான அளவுகோல் தனி, அது 1 முதல் 8 வரை.

தண்ணீரில் இறங்குவதைச் சோதிக்க 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டு போதும். கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அரை மணி நேரம். தண்ணீர் நிறம் மாறியது என்பதற்காக உடனே துணியைத் தள்ளிவிட வேண்டாம். ஈரத் துண்டை எடுத்து வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவே வைத்து உலரவிடுங்கள். அதில் கறை ஏறினால்தான் அபாயம்.

காரணம் தெரிந்தால் தீர்வும் எளிதாகும். பருத்திக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் போடுகிறார்கள். அது இழையின் செல்லுலோஸோடு ரசாயனப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். சேர்ந்தது லேசில் போகாது. ஆனால் சாயத்தில் ஒரு பகுதி இழைக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆலையில் கொதிநீர்ச் சோப்புக் கழுவலில் அதை முழுக்க வெளியேற்ற வேண்டும். கழுவலில் அவசரம் காட்டினால் அந்த உபரி நம் வீட்டுக்கு வரும். வினை முடிந்துபோன அந்தச் சாயத்தை இனி இழையோடு பிணைக்க முடியாது. கழுவி வெளியேற்றத்தான் முடியும்.

அதனால்தான் வினிகரும் உப்பும் இங்கே பயன்படுவதில்லை. அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயத்துக்கு உதவும். உப்பு, சாயத் தொட்டியில் சாயத்தை இழைப் பக்கம் தள்ள உதவும். சாயமேற்றி முடித்த பருத்தித் துணியில் இரண்டும் எதையும் நிலைநிறுத்தாது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஆலோசனை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வினிகரில் ஊறவைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள்.

கடைகளில் கிடைக்கும் மூன்று வகைப் பொருள்களில், வண்ணம் பிடிக்கும் தாள் எனப்படும் கலர் கேச்சர் நல்ல காவல். தண்ணீரில் மிதக்கும் சாயத்தை அது ஈர்த்துக்கொள்ளும். ஒரு துண்டின் சாயம் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துத் துண்டுக்கு நேராகத் தாவினால் அதனால் தடுக்க முடியாது. பெரிய குயில்ட்டின் முதல் துவைப்பில் இரண்டு மூன்று தாள் போடுங்கள். தாள் அடர்ந்து வெளிவந்தால் உலர்த்தாமல் புதுத் தாளோடு மறுபடி துவையுங்கள். சிந்த்ரபோல் போன்ற கழுவுதிரவம் உபரிச் சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்க வைத்து, திரும்பத் துணியில் படியாமல் வெளியேற்றும். வெந்நீரோடு சேர்த்தால்தான் முழுப் பலன். வெட்டும் முன் அடர் நிறத் துணிகளைக் கழுவ எங்கள் முதல் தேர்வு இதுதான். மூன்றாவது, ரெட்டேன் போன்ற நிலைநிறுத்தி. உபரிச் சாயத்தை அங்கேயே பூட்டி வைக்கும் பொருள் இது; தனித் துணிக்கு, தைக்கும் முன், சுமார் 60 டிகிரி சூட்டில் போட வேண்டும். அதன் பிறகு அந்தத் துணியைக் குளிர்ந்த நீரில்தான் துவைக்கலாம். ஏற்கெனவே சாயம் பரவிய குயில்ட்டில் இதைப் போட்டால் வெள்ளையில் ஏறிய கறையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

தைத்து முடித்த குயில்ட்டில் சாயம் பரவிவிட்டால், முதல் விதி: உலர விடாதீர்கள், ட்ரையரில் போடாதீர்கள். பெரிய தொட்டியில் 60 டிகிரி வரை சூடான நீரை நிறைய நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் அரைக் கோப்பை கலந்து, குயில்ட் முழுக்க மூழ்கும்படி 12 மணி நேரம் வையுங்கள். ஒரு முனைகூட நீருக்கு மேலே நிற்கக் கூடாது. வெளியே நிற்கும் இடத்தில் சாயம் கோடாகத் தங்கிவிடும். தண்ணீர் நிறத்தோடு இருந்தால் வடித்துவிட்டுப் புதிதாக மறுபடி. நீர் தெளியும் வரை நாலைந்து சுற்று ஆனாலும் விடாமல் செய்யுங்கள். பெரும்பாலான கறை போய்விடும். பருத்தித் துணியும் பருத்தி அல்லது பாலியெஸ்டர் பேட்டிங்கும் உள்ள குயில்ட்டுக்கே இது. கம்பளியோ பட்டோ சேர்ந்திருந்தால் அந்தச் சூடு ஆகாது.

கஞ்சி, இஸ்திரி, குறிபேனா

துவைத்த துணியின் தொய்வைக் கஞ்சியால் சரிசெய்யலாம். சோள மாவு ஒரு மேசைக்கரண்டியை அரை லிட்டர் நீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டு, தெளிப்பானில் ஊற்றுங்கள். துணியின் உள்பக்கம் தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, பிறகு இஸ்திரி. ஊறுமுன் சூடு பட்டால் வெண்செதில் நிற்கும். கஞ்சி போடுவது எப்போதும் வெட்டுமுன் நடக்க வேண்டும். வெட்டிய துண்டில் ஈரம் பட்டால் அளவு மாறும். முக்கோணத் துண்டுகள் நிறைந்த வேலைக்குக் கெட்டிக் கஞ்சியாகவே போடுங்கள், கிராஸ் விளிம்பு இழுபடாது.

இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளி, அதாவது 200 டிகிரி வரை, பருத்திக்குத் தாங்கும். தைத்த துண்டின் மேல் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். நீராவி நல்லதுதான், ஆனால் கிராஸ் விளிம்புகளை அது வளைத்துவிடும். துண்டுகள் சேர்ந்த கட்டமான பிளாக் முடிந்தபிறகு நீராவி கொடுங்கள்.

குறிபேனாக்களில் நீரில் அழியும் நீல நிறப் பேனா நம்பகமானது. சூடு பட்டால் அந்தக் குறி நிலைத்துவிடும், எனவே இஸ்திரிக்கு முன், சோப்புக்கும் முன், வெறும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பைலட்டின் ஃப்ரிக்‌ஷன் பேனா 60 டிகிரி சூட்டில் மறையும். மை போவதில்லை, நிறம் மட்டும் மறைகிறது. உறைபனிக் குளிரில் கோடு திரும்ப வரும். அடர் நிறத் துணியில் வெளிறிய தடமும் விடக்கூடும். தையலோரத்துக்குள் மறையும் கோடுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சேமிப்பும் துவைப்பும்

கஞ்சி போட்ட துணியை அப்படியே அடுக்கி வைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சி கஞ்சியைத் தேடி வந்து துணியையும் துளைக்கும். பூச்சு இல்லாத மரப் பலகையும் சாதாரண அட்டைப் பெட்டியும் அமிலம் விட்டுத் துணியை மஞ்சளாக்கும். நடுவே துவைத்த வெள்ளைப் பருத்தி விரிப்பு ஒன்று போட்டால் போதும். மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேராகப் படும் அலமாரியில் மடிப்பு விளிம்பு முதலில் வெளுக்கும். கண்ணாடிக் கதவு அதைத் தடுக்காது. இரும்பு உப்பை நிறமூன்றியாக (சாயத்தை இழையில் பிடிக்க வைக்கும் பொருளாக) வைத்துச் சாயமிட்ட 19ஆம் நூற்றாண்டுப் பழுப்புத் துணிகள் பழைய குயில்ட்களில் தானாகவே உதிர்ந்துபோயிருப்பதைப் பார்க்கலாம். இயற்கைச் சாயத்தில் இன்றும் இரும்பு சேர்ப்பவர்கள் அளவைக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

முடித்த குயில்ட்டின் சாயம் அடங்கிவிட்டது என்று உறுதியானபின் 30 டிகிரி நீரும், வழக்கத்தில் பாதி அளவு மென்மையான சோப்பும், மெதுவான சுழற்சியும் போதும். குளோரின் வெளுப்பான் எதுவும் வேண்டாம். ரியாக்டிவ் சாயத்தை அது கெடுக்கும். பருத்தி பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவதால், துணியை முன்பே துவைத்திருந்தாலும் முதல் துவைப்பில் லேசான சுருக்கம் வரும். அது வேண்டாமென்றால் பாலியெஸ்டர் பேட்டிங் எடுத்திருக்க வேண்டும். நனைந்த குயில்ட்டை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள், கைத்தையல் அறுந்துவிடும். விரிப்போடு சேர்த்து இரு கைகளாலும் அள்ளியெடுத்து, நிழலில், சமதளத்தில் விரியுங்கள். இடமில்லாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு மூன்று கொடிகளில் பாரம் பரவும்படி, பின்துணி மேலே இருக்குமாறு போடலாம். மடித்து வைத்த குயில்ட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, முதலில் மூன்றாக மடித்திருந்தால் அடுத்த முறை நாலாக மடியுங்கள்.